சாக்கடையைப் பற்றிக் கேட்டவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த முதலீட்டாளர் கூட்டத்தின் அந்தக் காணொளித் துண்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் பலர் அனுப்பினார்கள், பெரும்பாலும் சிரிப்புப் பொம்மைகளோடு. வீட்டுக் கழிவுநீர்க் குழாயை மாற்ற எந்த முதலீட்டை விற்கலாம் என்று பார்வையாளர்களில் ஓர் அம்மா கேட்டார்; மேடையில் இருந்தவர் பதில் சொல்லாமல் கிண்டலடித்தார்; அரங்கம் சிரித்துக் கைதட்டியது. “உலகமே பற்றி எரியும்போது சாக்கடை அடைப்பைப் பற்றிக் கேட்கிறீர்களே” என்று அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் அன்றிலிருந்து மனத்தை அறுத்துக்கொண்டிருக்கிறது.

அன்று அந்த அரங்கில் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அதுதான். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மற்ற கேள்விகளை நினைத்துப் பாருங்கள். போர் எப்போது முடியும், கச்சா எண்ணெய் எங்கே போய் நிற்கும், அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் குறைக்குமா. ஒவ்வொன்றுக்கும் நீண்ட பதில் கிடைத்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போய் அந்தப் பதிலை வைத்து அவர்கள் செய்யக்கூடியது என்ன? போரை நிறுத்த முடியுமா, வட்டியை மாற்ற முடியுமா? அந்த அம்மா கேட்டது, சந்தை இறங்கிக் கிடக்கிற நேரத்தில் வீட்டின் கழிவுநீர்க் குழாயை மாற்றப் பணம் வேண்டும், எதை விற்கலாம் என்று. அன்றைக்குக் கேட்ட கேள்விகளில் சரியான பதில், தவறான பதில் என்று இரண்டும் இருந்தது இந்த ஒன்றுக்குத்தான். தவறாகச் செய்தால் பல ஆண்டுச் சேமிப்பு போய்விடும். அதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

சிறு முதலீட்டாளருக்கு நஷ்டம் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். சந்தை இறங்குவதால் மட்டும் வருவதில்லை. இறங்கிய நேரத்தில் விற்க வேண்டியிருப்பதால் வருகிறது. அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்டு பி 500 குறியீடு 2007 அக்டோபரில் உச்சத்தில் இருந்தது, அது 2009 மார்ச்சுக்குள் 57 சதவீதம் சரிந்தது. பழைய உச்சத்தை அது மறுபடி தொட 2013 ஆனது. 2020ல் பிப்ரவரி 19க்கும் மார்ச் 23க்கும் இடையில் 34 சதவீதம் விழுந்தது, ஆகஸ்ட்டிலேயே மீண்டுவிட்டது. இரண்டு முறையும் காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். காத்திருக்க முடிந்தது யாரால்? அந்த மாதங்களில் வீட்டில் எதுவும் உடையாதவர்களால். உடைந்தாலும் பங்கைத் தொடாமல் சரிசெய்யக் கையில் காசு வைத்திருந்தவர்களால். பங்கு பாதியாக விழுந்தபோது விற்றால், மிச்சம் இருப்பது இரண்டு மடங்கானால்தான் பழைய இடத்துக்கு வர முடியும். இந்தக் கணக்கு மேடையில் இருந்தவருக்குத் தெரியாதா என்ன? தெரியும். அது ஒரு குளியலறையிலிருந்து தொடங்கலாம் என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

உடனே ஒருவர் ஜப்பானைக் கொண்டுவருவார். 1989 டிசம்பரில் அந்த நாட்டின் பங்குக் குறியீடான நிக்கேய் தொட்ட உச்சத்தை மறுபடி எட்ட 2024 பிப்ரவரி வரை ஆனதே, காத்திருந்து என்ன பயன் என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. 34 ஆண்டுகளில் ஒரு வீட்டில் எத்தனை குழாய்கள் உடையும்? அந்தக் காலம் முழுவதும் சந்தையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு குடும்பம் வாழ முடியுமா?

சரி, பெரிய மனிதர்களின் கதைக்கே வருகிறேன், அப்போதாவது காதில் ஏறுகிறதா பார்ப்போம். 1998ல் லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற நிதி நிறுவனம் கவிழ்ந்தது. அதன் பங்குதாரர்களில் இரண்டு பேர் அதற்கு முந்தைய ஆண்டுதான் பொருளாதார நோபல் வாங்கியவர்கள். ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்த பிறகு, வாங்கிய கடனுக்கு ஈடுகட்டக் கையில் பணமில்லாமல் போனது. அதைக் காப்பாற்ற 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 3.6 பில்லியன் டாலர் போட வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரில் பிரிட்டனின் ஓய்வூதிய நிதிகள் தங்கள் நிதி ஒப்பந்தங்களுக்கு ஈடாக அவசரமாகக் கூடுதல் பிணைத்தொகை கட்ட வேண்டி வந்தது. கையில் ரொக்கம் போதாமல், விலை விழுந்துகொண்டிருந்த அரசுக் கடன் பத்திரங்களையே விற்றார்கள். விற்க விற்க விலை இன்னும் விழுந்தது. கடைசியில் அந்த நாட்டின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தலையிட்டது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கிக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். முதிர்வு வரை வைத்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும் பத்திரங்களை, ரொக்கம் தேவைப்பட்டதால் 1.8 பில்லியன் டாலர் நஷ்டத்தில் விற்றது. செய்தி வெளியான மறுநாளே வாடிக்கையாளர்கள் 42 பில்லியன் டாலரை எடுக்க முண்டியடித்தார்கள். அதற்கு அடுத்த நாள் வங்கி மூடப்பட்டது.

இவற்றைப் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் உரையாற்றலாம், கட்டுரை எழுதலாம். யாரும் சிரிப்பதில்லை. கெட்ட நேரத்தில் பணம் தேவைப்பட்டு நல்ல சொத்தை மலிவாக விற்பது என்ற அதே சிக்கலை, அதே தெளிவோடு, ஒரு வீட்டை நடத்துகிறவர் கேட்டால் சிரிப்பு வந்துவிடுகிறது.

என் அத்தானின் கதையைச் சொல்ல வேண்டும். அக்காவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அத்தான் பொறுமையானவர். மாதாமாதம் தவறாமல் மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வந்தவர். 2020 மார்ச்சில் எல்லோரும் பதறியபோது அவர் பதறவில்லை, “இது மீண்டுவிடும்” என்று எங்களுக்கெல்லாம் சொன்னவரே அவர்தான். அந்த மாதம் அவர்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் உடைந்துபோனது. பழைய குழாய், இணைப்பு வழியாக மரவேர் உள்ளே இறங்கி, வேரில் குப்பை சேர்ந்து, நீர் போக வழியில்லாமல் குளியலறைத் தரையில் மேலே வந்தது. வீட்டில் படுத்த படுக்கையாக அவருடைய அம்மா. வேலைக்கு ஆள் கிடைப்பதே கடினமாக இருந்த நேரம், வந்தவர்கள் முன்பணம் கேட்டார்கள். அத்தான் விற்றார். முழுவதையும் விற்றார், ஏனென்றால் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சில மாதங்களில் சந்தை மீண்டது. அதற்குப் பிறகு உறவினர் வீட்டு விசேஷங்களில் அவரைப் பற்றிச் சொன்னது என்ன தெரியுமா? “பயந்து வித்துட்டார்.” அவர் பயப்படவில்லை. ஒரு நாளும் பயப்படவில்லை. தன் அம்மாவை அந்தத் தரையில் கிடத்த முடியாது என்று முடிவு செய்தார், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தப் பேச்சு எழும்போது அவர் பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விடுகிறார். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

“அவசர நிதி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அரிச்சுவடி ஆயிற்றே, அதுகூடத் தெரியாமல் ஏன் பங்கில் போடுகிறார்கள்” என்று எழுதத் தயாராக இருக்கிறீர்கள், தெரிகிறது. மூன்று மாதம் அல்லது ஆறு மாதச் செலவுக்கான பணம் என்றுதானே எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அது வேலை போனால் சமாளிப்பதற்கான கணக்கு. வீடு உடைந்தால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. மண்ணுக்குள் ஓடும் குழாய்க்கு மாதச் சம்பளம் தெரியாது. சாதாரண அடைப்பு என்றால் எண்ணெய்ப் பிசுக்கும் முடியும் கரையாத துடைப்புத் தாளும் சேர்ந்திருக்கும், குத்தி எடுத்தால் சரியாகிவிடும். குழாயே உடைந்திருந்தாலோ, மண் அமுங்கிச் சரிவு மாறியிருந்தாலோ, தரையைத் தோண்டிப் புதிதாகப் போட வேண்டும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வெளியே தெரியும் அறிகுறியோ ஒன்றுதான், தண்ணீர் போகவில்லை. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்பவர்கள் தங்கள் பத்திரத்தை எடுத்துப் படிக்கட்டும். பழகித் தேய்ந்து பழுதாவதைப் பொதுவாக அவை ஏற்பதில்லை.

இன்னொன்று, பங்குச் சந்தைக்கு விடுமுறை உண்டு. விலை பிடிக்கவில்லை என்றால் கணினியை மூடிவிட்டு எழுந்துவிடலாம். கழிவுநீர் மேலே வந்தால் அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும். காத்திருக்கவே முடியாத ஒரு செலவு, காத்திருந்தால்தான் பலன் தரும் ஒரு முதலீட்டின் மேல் வந்து விழுகிறது. இதை எப்படிச் சமாளிப்பது என்பதைவிடப் பெரிய முதலீட்டுக் கேள்வி சாதாரணக் குடும்பத்துக்கு இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

“கூட்டத்தின் தலைப்பு உலகப் பொருளாதாரம், தலைப்புக்கு வெளியே கேட்டால் என்ன செய்வது” என்றும் ஒருவர் கேட்டிருந்தார். சாக்கடை உலகப் பொருளாதாரத்துக்கு வெளியே இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? 1858 கோடையில் தேம்ஸ் நதியில் கலந்த கழிவின் நாற்றம் தாங்காமல் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஒரு பெரும் பேரரசை ஆள்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த சபை, சாக்கடைக்காகச் சட்டம் இயற்றியது. லண்டனின் பெரிய கழிவுநீர்க் கால்வாய்கள் கடன் வாங்கிய பணத்தில் கட்டப்பட்டவை. அப்புறம், அதே லண்டனின் கழிவுநீரை இன்று கையாளும் தேம்ஸ் வாட்டர் நிறுவனம் 1989ல் தனியார்மயமாகி, கடன் 15 பில்லியன் பவுண்டுக்கு மேல் ஏறி, தள்ளாடுகிறது. அதில் பணம் போட்டிருந்த கனடாவின் பெரிய ஓய்வூதிய நிதி ஒன்று 2024ல் தன் பங்கின் மதிப்பு பூஜ்யம் என்று எழுதிவிட்டது. எங்கோ ஓர் ஊழியரின் ஓய்வுக்காலப் பணம் இன்னொரு நாட்டின் சாக்கடையில் போயிருக்கிறது. இது உலக விவகாரமா, வீட்டு விவகாரமா?

உலகச் செய்திகள் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நானும் படிக்கிறேன். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயை ஆறு நாள் அடைத்துக்கொண்டு நின்றபோது நானும் விழித்திருந்து பார்த்தேன். 2022 மார்ச்சில் பூஜ்யத்துக்கு அருகில் இருந்த அமெரிக்க வட்டி 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம் வரை போனது. அது உலகம் முழுவதும் கடன் வாங்கியவர்களைத் தொட்டது. ஆனால் எப்படித் தொட்டது? மாதத் தவணையாக. வீட்டு வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியாக. அந்தக் கணக்கை எழுதுகிறவர் கையைத் தூக்கினால் உட்காரச் சொல்கிறீர்கள்.

உண்மையில் என்னை வலிக்கச் செய்தது இதுதான். அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்ட ஒரே பெண் அவர். அதற்கு முன் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் உலகத்தைப் பற்றிக் கேட்டார்கள். அவர்கள் வீட்டிலும் குழாய் அடைக்கும். அன்றைக்கு யார் குனிந்து பார்ப்பது, யார் பிளம்பருக்குப் போன் போடுவது, மாதக் கடைசியில் அந்தச் செலவை எந்தச் செலவைக் குறைத்து ஈடுகட்டுவது, இதெல்லாம் அவர்கள் காதுக்கு வராமலே வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அதனால்தான் உலகத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. என் அக்கா அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். என் அம்மாவும் அப்படித்தான். அவர்களில் ஒருவர் மைக்கைக் கையில் வாங்கிக் கேட்டதும் அரங்கமே சிரித்தது. “அது ஒரு நகைச்சுவை, இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்” என்கிறீர்கள். மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைக் காணொளியில் மறுபடி பாருங்கள். பார்த்துவிட்டு வந்து அதை நகைச்சுவை என்று சொல்லுங்கள்.

யாராவது அந்த அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். அவர் கேட்டதற்குப் பதில் இது.

அம்மா, முதலில் எதையும் விற்காதீர்கள். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பவர்களை அழைத்து, அடைப்பா, உடைப்பா, எந்த இடத்தில் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முழு வரிசையையும் மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரையும் அழைத்துக் கேளுங்கள். தொகை தெரிந்த பிறகு அந்தத் தொகைக்கு மட்டும் பணம் எடுங்கள். வங்கி வைப்பு இருந்தால் அதை முதலில் உடையுங்கள். முன்கூட்டியே எடுப்பதால் போகும் வட்டி, இறங்கிய பங்கை விற்பதால் போவதைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். அடுத்து குறுகிய காலக் கடன் பத்திர நிதிகள். பங்கு கடைசியில்தான். அதைத் தொட வேண்டி வந்தால், எது அதிகம் இறங்கியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். இன்றைக்குப் புதிதாக வாங்குவதாக இருந்தால் எதை வாங்கமாட்டீர்களோ அதை விற்றுவிடுங்கள். கடன் அட்டையில் போட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டாம், அந்த வட்டியைப் பங்கு சம்பாதித்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது. வேலை முடிந்ததும் மாதாமாதம் ஒரு சிறு தொகையை வீட்டுப் பழுதுக்கென்றே தனிக் கணக்கில் போடத் தொடங்குங்கள், அதில் மற்ற பணத்தைக் கலக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கும் வந்து இதேபோல் கேளுங்கள்.