படம் வரையத் தெரியாதவங்களுக்கு கார்ட்டூன்ல எழுத்து வேலையா?

களியக்காவிளை அண்ணே, "திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல இருக்கிற டூன்ஸ் அனிமேஷன் ஸ்டுடியோ மாதிரி இடத்துல வரையத் தெரிஞ்சாத்தான் ஸ்கிரிப்ட் எழுத விடுவாங்க, எழுதுறதும் வசனம் மட்டும்தான்"னு போட்டிருக்கீங்க. ரெண்டும் தப்பு.

ஸ்கிரிப்டைப் பார்த்து காட்சி காட்சியா வரையறது ஸ்டோரிபோர்டு கலைஞர் வேலை. எழுத்தாளர் முதல்ல ஒரு பக்கத்துல கதைக்கரு கொடுப்பார். அது தேறினா காட்சிவாரியா அவுட்லைன், அப்புறம்தான் ஸ்கிரிப்ட். 11 நிமிஷ எபிசோடுக்கு சுமார் 15 பக்கம். வசனம் அதுல பாதிகூட இருக்காது. யார் எங்கே ஓடுறா, எதுல இடிச்சு விழுறா, அந்தச் சிரிப்பு எந்த நொடியில வரணும், எல்லாம் எழுதணும்.

புதுசா எழுதுறவங்க மாட்டுறது இங்கேதான். "சந்தையில கூட்டம் கூடுது"ன்னு ஒரே வரியில எழுதிடுவாங்க. ஆனா ஒவ்வொரு ஆளையும் தனியா வடிவமைக்கணும், புது இடம்னா புதுப் பின்னணி வேணும். பட்ஜெட் தாங்காது, ஸ்கிரிப்ட் திரும்பி வரும்.

தமிழ் டப்பிங் எழுதுறது வேற தொழில். அங்க படம் ஏற்கெனவே ரெடி. வாய் மூடுற இடத்துல ப, ம வரணும், வாய் நிக்கிறப்போ வாக்கியமும் நிக்கணும். நீங்க சொன்ன 'வசனம் மட்டும்' இதுக்குத்தான் பொருந்தும்.