வான்கடே மண்ணும் சுதிர் நாயக்கும்

மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த 2011 உலகக் கோப்பை ஃபைனல் என்றதும் எல்லோருக்கும் தோனியின் சிக்ஸர்தான் கண்ணில் நிற்கும். எனக்கு ஜாகீர் கானின் முதல் ஸ்பெல்லும் நிற்கும். முதல் மூன்று ஓவரும் மெய்டன், ஒரு ரன்கூடக் கிடையாது. ஐந்து ஓவர் முடியும்போது ஆறே ரன், ஒரு விக்கெட். ஸ்ரீராம்பூரிலிருந்து மும்பைக்கு வந்த ஜாகீரைத் தன் கிளப்பில் சேர்த்து வளர்த்தவர் சுதிர் நாயக். அன்றைக்கு ஜாகீர் பந்து போட்ட பிட்சைத் தயார் செய்தவரும் அவரேதான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

நாயக் மும்பையின் தொடக்க ஆட்டக்காரர். 1970-71 சீசனில் கவாஸ்கர், வடேகர், சர்தேசாய், சோல்கர் எல்லோரும் வெஸ்ட் இண்டீஸ் போய்விட, மிச்சமிருந்தவர்களை வைத்துக்கொண்டு கேப்டனாக ரஞ்சிக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். அடுத்த சீசனில் நட்சத்திரங்கள் திரும்பி வந்தார்கள். கோப்பை வாங்கித் தந்த கேப்டனுக்கு பதினொரு பேரில் இடம் இல்லை! 1974இல் எட்ஜ்பாஸ்டனில் முதல் டெஸ்ட், இரண்டாவது இன்னிங்ஸில் 77. இந்தியாவின் முதல் ஒருநாள் போட்டியில் கவாஸ்கரோடு இறங்கினார், முதல் பவுண்டரியும் அவருடையதுதான். மொத்தமே மூன்று டெஸ்ட். அதோடு சரி.

அப்புறம் வந்ததுதான் வான்கடே க்யூரேட்டர் வேலை, அதாவது பிட்சைத் தயார் செய்து பராமரிக்கும் வேலை. புல் வெட்டுவது, ரோலர் ஓட்டுவது, அவ்வளவுதானே என்று நினைப்போம். தண்ணீர் விட்டு, அது உள்ளே இறங்கி, ஈரம் பதத்துக்கு வரும்வரை காத்திருந்துதான் கனமான ரோலரை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மண் ரோலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தாமதித்தால் மண் இறுகாது. புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது, அதை ஒட்ட வழித்துவிட்டால் மேல்மண் பொடிந்துபோகும். புதுப்பந்தை எதிர்கொண்டே காலம் கழித்த ஒருவருக்கு, இந்த 22 கஜத்தில் எது எங்கே எழும்பும் என்பது உடம்பிலேயே ஊறியிருக்கும். அதனால்தான் ஆடியவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டும் என்கிறேன்.

2015 அக்டோபரில் அதே வான்கடேவில் தென்னாப்பிரிக்கா 438 ரன் குவித்தது. நாம் 224க்கு சுருண்டோம். மேட்ச் முடிந்ததும் அணி இயக்குநர் ரவி சாஸ்திரி பிட்சுக்காகத் தன்னைத் திட்டியதாக நாயக் மும்பை கிரிக்கெட் சங்கத்திடம் புகார் கொடுத்தார். அப்போது அவருக்கு 70 வயது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. இரண்டு அணியும் ஆடியது ஒரே பிட்சில்தானே? ஜெயித்தால் பேட்ஸ்மேன், தோற்றால் க்யூரேட்டர் என்பது என்ன நியாயம்? டாஸ் போடும்போது நடுவர் பெயரைச் சொல்கிற மாதிரி, பிட்ச் போட்டவர் பெயரையும் சொல்லட்டும். நல்ல பிட்ச்சுக்கும் சேர்த்துச் சொல்லட்டும்.

2023 ஏப்ரல் 5ஆம் தேதி, 78 வயதில் நாயக் காலமானார். மூன்றாம் நாள் அதே வான்கடேவில் மும்பைக்கு எதிராக சிஎஸ்கே மேட்ச். ரஹானே 27 பந்தில் 61 அடிக்க, நான் வீடே அதிரக் கத்திக்கொண்டிருந்தேன். மறுநாள்தான் அவர் இறந்த செய்தியைப் படித்தேன்.