ஷாங்காய் என்று டிக்கெட் விற்கிறார்கள், பாவ்ஷானில் இறக்கிவிடுகிறார்கள்

பத்து மணி நேரம். கப்பல் பயணத் திட்டத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். ஷாங்காய், காலை 8 முதல் மாலை 6 வரை. அந்தப் பத்து மணி நேரத்தில் நானும் அம்மாவும் ஷாங்காய் ஊரைச் சுற்றிப் பார்த்தது ஒன்றே முக்கால் மணி நேரம். சிங்கப்பூர் திரும்பி மூன்று வாரம் ஆகப்போகிறது, இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. எழுதாமல் விட்டால் ஆறாது.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. சிங்கப்பூர் தேக்காவில் முப்பது வருஷம் ரவிக்கை தைத்தவர். ஒரு முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. விமானத்தில் காலை மடக்கி உட்கார முடியாது என்பதால்தான் கப்பல். ஷாங்காயில் அவர் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஆற்றோரமாகப் பழைய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் பண்ட் கரைக்குத் தெற்கே, லூஜியாபாங் ரோட்டில் இருக்கும் துணிச் சந்தை. மாடி மாடியாகத் துணிக் கடைகள், அளவெடுத்துத் தைத்துத் தரும் தையல்காரர்கள், சுருள் சுருளாகப் பட்டு. யாரோ காட்டிய வீடியோவில் அதைப் பார்த்ததிலிருந்து ஒரு வருஷமாக அதே பேச்சு. எங்கள் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து சீனாவில் முப்பது நாள் விசா தேவையில்லை. வேறு என்ன தடை என்று நினைத்துத்தான் டிக்கெட் எடுத்தேன்.

தடை கப்பலை விட்டு இறங்கின இடத்தில் இருந்தது.

பெரிய கப்பல் எதுவும் ஷாங்காய் ஊருக்குள் வராது. வரவே முடியாது. ஹுவாங்பூ ஆற்றின் குறுக்கே யாங்பூ பாலம் நிற்கிறது, 1993ல் கட்டியது. அதற்கடியில் கப்பலுக்கு உள்ள உயரம் 48 மீட்டர். இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்கள் அதற்குள் நுழையாது. அதனால் ஹுவாங்பூ போய் யாங்சியில் கலக்கும் முகத்துவாரத்தில், வூசோங்கோ என்ற இடத்தில், 2011ல் ஒரு முனையத்தைத் திறந்தார்கள். அது பாவ்ஷான் மாவட்டம், எஃகு ஆலைக்குப் பேர் போன இடம். பண்ட் கரைக்கு அங்கிருந்து கிட்டத்தட்ட இருபத்தைந்து கிலோமீட்டர். நம் சிங்கப்பூரில் வடக்குக் கோடி உட்லண்ட்ஸில் இறக்கிவிட்டு, தெற்குக் கரையைக் காட்டி "இதோ மரினா பே" என்பது மாதிரி.

பாலத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆழமும் அகலமும் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கப்பலைக் கட்ட முடியும், அது எனக்கும் தெரியும். என் கோபமெல்லாம் விற்கிறவர்கள் மேல். பளபளவென்று அச்சடித்த அந்தக் கையேட்டில் பண்ட் கட்டடங்கள், முத்துக் கோபுரம், ராத்திரி வெளிச்சம் எல்லாம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. பாவ்ஷான் என்ற சொல் எங்குமே இல்லை. வூசோங்கோ என்ற சொல்லும் இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். இறங்கும் துறைமுகத்தின் பெயரைக் காசு கொடுக்கிறவனிடம் சொல்லக்கூடாதா? அது என்ன ராணுவ ரகசியமா? வடக்கே போகும் கப்பல்களில் இதைவிட மோசம். பெய்ஜிங் என்று பெரிசாகப் போட்டு டியான்ஜின் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். அங்கிருந்து பெய்ஜிங் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கப்பல் சரியாக எட்டு மணிக்குக் கட்டியாகிவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கப்பல்காரர்களின் சுற்றுலாவை வாங்கினவர்கள்தான் முதலில் இறங்க வேண்டுமாம். தலைக்கு நூற்றைம்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். அந்தச் சுற்றுலாவில் துணிச் சந்தை கிடையாது, வாங்கி நாங்கள் என்ன செய்வது? ஊருக்குப் போய்வர ஷட்டில் பஸ் உண்டு என்றார்கள். முந்தின நாளே இடம் முடிந்துவிட்டது என்றும் அவர்களே சொன்னார்கள். நாங்கள் இறங்கி, குடிநுழைவு முடிந்து வெளியே வரும்போது மணி பத்தரை.

வெளியே வந்தால் டாக்சி வரிசை. தடுப்புக் கம்பிக்குள் மடித்து மடித்து நிற்கிற ஜனம். ஒரே கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கான பேர் இறங்குகிறார்கள், டாக்சி ஒவ்வொன்றாக ஊர்ந்து வருகிறது. வெயில் தலைக்கு நேரே. உட்கார ஒரு பெஞ்சு இல்லை. அம்மா தடுப்புக் கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, மாற்றின காலை லேசாகத் தூக்கி, மற்ற காலில் நின்றார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கால் மாற்றுவார். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லம்மா, நீ வரிசைய பாரு" என்பார்.

வரிசைக்கு வெளியே சட்டைப்பைக்குள் கைவிட்டுக்கொண்டு நாலைந்து பேர். "டாக்சி, டாக்சி, பண்ட்" என்று காதருகே வந்து சொல்வார்கள். ஒருவர் பிளாஸ்டிக் உறை போட்ட விலைப் பட்டியலே வைத்திருந்தார். பண்ட், நானூறு யுவான். மீட்டர் போட்டால் நூறு சொச்சம் வருகிற தூரம் அது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு வயசான தம்பதி நின்று நின்று தாங்காமல் அந்த ஆளோடு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலும் முதுகும் கெஞ்சும்போது நானூறு என்ன, ஐந்நூறும் கொடுக்கத் தோன்றும். அந்த நிலைமைக்குக் கொண்டுவந்து நிறுத்தினவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆப்பில் கார் கூப்பிடலாமே என்பீர்கள். கூப்பிட்டேன். 2023லிருந்து வெளிநாட்டுக் கடன் அட்டையைச் சீனாவின் பணம் கட்டும் ஆப்பான அலிபேயில் இணைக்கலாம், சிங்கப்பூரிலேயே இணைத்துவிட்டுத்தான் போனேன். முனையத்தில் எந்த வாசலில் நிற்பது, எந்த அடுக்கில் நிற்பது, ஆப்புக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஓட்டுநர் போன் பண்ணுகிறார், சீனத்தில் கேட்கிறார், நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன், வைத்துவிடுகிறார். ரத்து. இரண்டாவது கார், அதே கதை. ரத்து. அதற்குள் வரிசையில் எங்கள் இடமும் போய்விடுமோ என்ற பயம்.

இதில் என் வயிற்றெரிச்சலை இரண்டு பங்காக்கும் விஷயம் மெட்ரோ. ஷாங்காய் மெட்ரோ மாதிரி ஒரு மெட்ரோவை நான் பார்த்ததில்லை. மூன்று யுவானில் ஆரம்பிக்கிற கட்டணம், நெருக்க நெருக்கமாக ரயில், எங்கும் ஆங்கிலப் பலகை. மூன்றாம் தடத்தில் பாவ்யாங் ரோடு என்று ஒரு நிலையம், முனையத்திலிருந்து ஏறக்குறைய மூன்றே கிலோமீட்டர். அங்கே ஏறினால் பத்தாவது நிலையம் ஹோங்கோ கால்பந்து அரங்கம். அங்கே எட்டாம் தடத்துக்கு மாறினால் பீப்பிள்ஸ் ஸ்கொயர், ஊரின் நடு மையம். ஐந்து யுவான், ஆறு யுவானில் முடிகிற வேலை.

அந்தத் தடம் பாவ்ஷானுக்கு வந்தது 2006ல். முனையம் திறந்தது 2011ல். நிலையம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். இடையில் அந்த மூன்று கிலோமீட்டர். கப்பல் வருகிற நாட்களில் அந்த மூன்று கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடட்டும், கண்ணில் படுகிற இடத்தில் நிற்கட்டும், "மெட்ரோ" என்று பெரிதாக எழுதியிருக்கட்டும். பாதி டாக்சி வரிசை கரைந்துவிடும். நான் நின்ற இடத்திலிருந்து அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. கேட்டதற்குக் கப்பல் ஊழியர் ஒருவர் சொன்ன பதில், "மெட்ரோ இருக்கு, ஆனா தூரம்." அவ்வளவுதான். ஒரு அம்புக்குறி இல்லை, ஒரு துண்டுச்சீட்டு இல்லை. அதே சீனாவில் குவாங்ஜோ நகரத்தின் நான்ஷா துறைமுகத்தைப் பாருங்கள். மெட்ரோ 2017ல் வந்துவிட்டது, கப்பல் முனையம் 2019ல் திறந்தது. இறங்கி நடந்தால் நாலாம் தடத்து நிலையம். ஊருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்தான், ஆனால் உட்கார்ந்து போகலாம், வழி தெரிந்து போகலாம்.

பன்னிரண்டு மணிக்கு எங்களுக்கு டாக்சி கிடைத்தது. துணிச் சந்தை வாசலில் இறங்கும்போது மணி ஒன்றேகால். ஐந்து மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும்.

அம்மா பட்டுத் துணியை எப்படிப் பார்ப்பார் தெரியுமா? கண்ணால் பார்க்க மாட்டார். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார், பிறகு உள்ளங்கையில் கசக்கி விட்டுவிட்டு, மடிப்பு எவ்வளவு நேரத்தில் பிரிகிறது என்று காத்திருப்பார். ஒரு துணிக்கு அரை நிமிஷமாவது வேண்டும். கடைக்காரப் பெண்மணிக்கும் அது புரிந்துவிட்டது, அவரே உள்ளேயிருந்து நல்ல சுருளாக எடுத்துப் போட ஆரம்பித்தார். ஒரு வார்த்தை மொழி இல்லாமல் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷத்தில் "போதும்மா, கிளம்பணும்" என்று சொன்னது நான்தான். மயில் கழுத்து நிறத்தில் மூன்று மீட்டர் எடுத்தார். அதற்கு ஏற்ற உள்துணி இரண்டு கடை தள்ளி இருக்கிறது என்று அந்தப் பெண்மணி கை காட்டினார். நேரமில்லை என்று நான் இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பண்ட் கரையில் இருபது நிமிஷம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்தார், அவ்வளவுதான். திரும்பிப் போக இன்னொரு டாக்சி தேடி மாலை நெரிசலில் மாட்டிக்கொள்ளக் கூடாது, மெட்ரோவில் போய்விடலாம் என்று கிழக்கு நான்ஜிங் ரோடு நிலையத்துக்கு மெதுவாக நடந்தோம். சுவரிலிருந்த ஆங்கில வரைபடத்தில் பார்க்கிறேன், பன்னிரண்டாம் தடத்தில் "இன்டர்நேஷனல் குரூஸ் டெர்மினல்" என்றே ஒரு நிலையம். இரண்டே நிறுத்தம். பத்தாம் தடத்தில் ஒன்று, தியான்தோங் ரோட்டில் மாறி இன்னொன்று. காலையில் டாக்சி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினதே என்று ஒரு நெருடல். ஆனால் பெயர் பளிச்சென்று அப்படியே இருக்கிறதே! ஏறிவிட்டோம்.

படியேறி வெளியே வந்தால் கப்பலைக் காணோம். கண்ணாடிக் கட்டடங்கள், பூங்கா, அமைதியான ஆறு. அது வடக்கு பண்டில் இருக்கும் வேறொரு முனையம். பாலத்துக்கு அடியில் நுழையக்கூடிய சின்னக் கப்பல்களுக்கானது. ஷாங்காயில் இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன, மெட்ரோ வரைபடத்தில் பெயர் போட்டிருப்பது நம் கப்பல் நிற்காத முனையம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மணி மூன்று இருபத்தைந்து.

வயிற்றில் நெருப்பு என்பார்களே, அன்றைக்குத்தான் அனுபவித்தேன். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, ஆனால் அம்மாவின் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் கப்பல் அறையில். அரை மணி நேரம் ஒரு டாக்சியும் நிற்கவில்லை. நாலு மணி நெருங்கும்போது நரைத்த தலையோடு ஒரு ஓட்டுநர் நிறுத்தினார். "குரூஸ்" என்றேன், அவர் அந்தப் பூங்காப் பக்கமே கை காட்டினார். இல்லை இல்லை என்று தலையாட்டி, கப்பல் அறைச் சாவி அட்டையை நீட்டினேன். அதில் கப்பலின் படம் இருந்தது. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கையைக் காரின் கூரை வரை உயர்த்தி, "வூசோங்கோ!" என்றார். அந்த வார்த்தையை என் வாழ்நாளில் முதல் தடவையாக அப்போதுதான் கேட்டேன். கப்பலில் ஏறி இறங்கின துறைமுகத்தின் பெயரை, முன்பின் தெரியாத ஒரு டாக்சிக்காரர் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். அம்மா பின் சீட்டில் துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று முனகிக்கொண்டே வந்தார். நாலு ஐம்பத்திரண்டுக்கு முனைய வாசல். அந்த மனிதர் தானே இறங்கி, அம்மாவின் முழங்கையைத் தாங்கி இறக்கிவிட்டார். மீட்டருக்கு மேல் ஒரு யுவான் வாங்கவில்லை. அவர் குடும்பம் நல்லா இருக்கணும்.

வாசலில் எங்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர் ஓடிவந்தார்கள். அதில் பினாங்கிலிருந்து வந்த ஒரு அங்கிளும் ஆன்ட்டியும். ஆன்ட்டி அழுதுகொண்டிருந்தார். "நாங்களும் அந்தப் பன்னிரண்டாம் லைன்ல போய் இறங்கிட்டோம்மா" என்றார்.

ஒரே கப்பல், ஒரே நாள், என் கண் முன்னாலேயே இரண்டு குடும்பம். இது தொடர்ந்து நடக்கிறது என்று விற்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். நாம் தடுமாறினால்தானே நூற்றைம்பது வெள்ளிச் சுற்றுலா விற்கும்.

வந்த மறுநாளே அந்தக் கப்பல் நிறுவனத்துக்கு எழுதினேன். பணம் திருப்பிக் கேட்கவில்லை. கையேட்டில் ஷாங்காய் என்று போடும் இடத்தில் வூசோங்கோ, பாவ்ஷான் என்றும், நகருக்கு எவ்வளவு தூரம் என்றும் போடுங்கள். இறங்கும்போது ஆளுக்கு ஒரு அட்டை கொடுங்கள், முனையத்தின் பெயர் சீன எழுத்தில், அடியில் "பன்னிரண்டாம் தடத்து நிலையம் இது இல்லை" என்று ஒரு வரி. பாவ்யாங் ரோடு மெட்ரோவுக்கு ஒரு பஸ் விடுங்கள், அதற்குக் காசு வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் கேட்டது.

இன்றோடு பத்தொன்பது நாள். பதில் இல்லை. நேற்று அவர்களிடமிருந்து அடுத்த வருஷத்துக் கையேடு மட்டும் வந்திருக்கிறது. ஷாங்காய், காலை 8 முதல் மாலை 6 வரை. மயில் கழுத்துப் பட்டு இன்னும் வெட்டாமல் அம்மாவின் தையல் மெஷின் மேலேயே கிடக்கிறது. அதற்கேற்ற உள்துணி தேக்காவில் நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை.