எஸ்ரி முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்ததா?

“எஸ்ரி முதலீட்டாளர்கள் கொட்டிய பணத்தில் திடீரென்று வளர்ந்த கம்பெனி, மின்சார, குடிநீர் நிறுவனங்களும் விமான நிலையங்களும் வந்த பிறகுதான் அதற்குப் பெயர்” என்று வரைபட மென்பொருள் கம்பெனியான எஸ்ரியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதி தவறு, இரண்டாவது பாதி அரைகுறை.

1969இல் ஜாக் டேஞ்சர்மண்டும் அவர் மனைவி லாராவும் கலிஃபோர்னியாவின் ரெட்லாண்ட்ஸில் ஆரம்பித்தது அது. போட்டது சொந்தச் சேமிப்பு, 1,100 டாலர். வெளி முதலீடு வாங்கவில்லை, பங்குச் சந்தைக்கும் போகவில்லை; இன்றும் தனியார் கைதான். ஆரம்பத்தில் மென்பொருள் விற்கக்கூட இல்லை. நிலப் பயன்பாட்டு ஆலோசனைதான் தொழில். விற்பனைக்கான ஆர்க்இன்ஃபோ என்ற வரைபட மென்பொருள் வந்தது 1982இல். பதின்மூன்று வருடம் கழித்து! இதையா “திடீர்” என்கிறீர்கள்?

குடிநீர், மின்சார நிறுவனங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் என்பது சரி. ஆனால் காரணம் விளம்பரமில்லை. ஒரு வால்வை மூடினால் எந்தெந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்று கேட்டால் வெறும் வரைபடம் பதில் சொல்லாது. எந்தக் குழாய் எதனோடு இணைந்திருக்கிறது என்ற தகவலும் கோடுகளோடு சேர்ந்து இருக்க வேண்டும். மின்கம்பிக்கும் இதே கதைதான். விமான நிலையத்தில் கேள்வி வேறு: ஓடுபாதையை நெருங்கும் விமானத்தின் வழியில் எந்தக் கட்டடம், எந்த மரம் உயர வரம்பைத் தாண்டுகிறது? இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே, இடத்தோடு கட்டிய தரவு. அந்த அடித்தளம் இந்த வாடிக்கையாளர்களுக்காக முளைத்ததல்ல. நிலப் பயன்பாட்டு வேலையிலிருந்து வந்தது.

மென்பொருளின் விலை அதிகம் என்று திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். வரலாற்றை மட்டும் மாற்றாதீர்கள்.