கைப்பந்து வீரர்களின் தோள்வலிக்குக் கூன்தான் காரணமா?

“கைப்பந்து ஆடுவோரின் தோள்வலிக்கு ஒரே காரணம் கூன், முதுகு பெல்ட் அணிந்தால் வலி பறந்துவிடும்” என்று, ஒரு தோள் தாழ்ந்த வீரரின் படத்துடன் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

பந்தடிக்கும் கையின் தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது வலியே இல்லாத வீரர்களிடமும் பரவலாகக் காணப்படுவதால், அந்தப் படம் எதையும் நிரூபிக்கவில்லை. கையைத் தலைக்கு மேல் ஓங்கி ஸ்மாஷ் அடிப்பதும் சர்வீஸ் போடுவதும் ஓய்வின்றித் தொடரும்போது, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை ஆழமற்ற தோள்குழியில் பிடித்து நிறுத்தும் தசைகளும் அவற்றின் நாண்களும் களைத்துப் புண்படுகின்றன. நீண்ட விடுமுறைக்குப் பின் பயிற்சியைத் திடீரெனக் கூட்டுவோருக்கு இந்த ஆபத்து அதிகம். பெல்ட் இந்தச் சுமையைக் குறைப்பதில்லை (அதை மாட்டிக்கொண்டு ஸ்மாஷ் அடிக்கத்தான் முடியுமா?). அடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ரப்பர் பட்டையைக் கொண்டு தோளை வெளிப்புறம் சுழற்றும் தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்துவதே பலன் தரும் வழி.

நிற்கும் நிலைக்கும் தோளுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிற்கையில் தோள் எப்படித் தெரிகிறது என்பதைவிட, அடிக்கும் கணத்தில் தோள்பட்டை எலும்பு எப்படி நகர்கிறது என்பதே முக்கியம்.

படத்தில் உண்மையில் தேட வேண்டியது வேறு. தோள்பட்டை எலும்பின் பின்புறத் தசை ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தால், அங்கு செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். கைப்பந்து வீரர்களிடம் இது பெரும்பாலும் வலியின்றியே வருவதால், எலும்பியல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.