வைஃபை காணோம் என்று பயந்துவிடாதீர்கள்

பழைய ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டரில் கம்பெனி தந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போடுவது பற்றி உங்கள் கட்டுரையில் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை விட்டுவிட்டீர்கள்: போட்டு முடித்ததும் பெரும்பாலான ரூட்டர்களில் வைஃபை அணைந்தே இருக்கும். நான் போனில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ரூட்டர் செத்தேபோச்சு என்று முடிவுகட்டிவிட்டேன். அப்புறம் கணினியில் லேன் கேபிளைச் செருகி பிரவுசரில் 192.168.1.1 அடித்தால், லூசி பக்கம், அதாவது ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் பக்கம், சாவகாசமாக வந்து நிற்கிறது! முதலில் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் வையுங்கள், பிறகு வைஃபையை இயக்குங்கள்.

வாங்குமுன் ரூட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அந்த மாடலின் எத்தனையாவது வன்பொருள் பதிப்பு, வி2வா, வி5ஆ என்று பாருங்கள். பெயர் ஒன்றுதான், உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். 4 எம்பி ஃபிளாஷ் (சேமிப்பிடம்), 32 எம்பி ரேம் உள்ள பழசு என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியின் புதிய பதிப்புகளை மறந்துவிடலாம்.

ஒருவரே இணைய வேகத்தை முழுக்க அடைத்துக்கொண்டு மற்றவர்களுக்குத் தாமதம் வராமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதி பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்களே? அதைப் போட்டபின், மகன் பெரிய கோப்பு ஏற்றும்போதும் என் வீடியோ கால் இப்போது திக்குவதில்லை.