சூஃப்ரியேருக்கு ஒரு பகல் போதாது

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவுக்குப் போகிறவர்கள் தலைநகர் காஸ்ட்ரீஸில் தங்கிக்கொண்டு, தென்மேற்குக் கரையிலுள்ள சூஃப்ரியேர் ஊரை ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று உங்கள் பயணக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அந்த மலைப்பாதை வளைவுகளிலேயே பாதி நாள் போய்விடும். ஹெவனோரா விமான நிலையம் தீவின் தெற்கில்தான் இருக்கிறது, அங்கிருந்து நேராக சூஃப்ரியேருக்கே வந்து இரண்டு இரவு தங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். காலையில் படகுத்துறையில் நின்றால் பெத்தி பித்தோன் மலை ஊருக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக எழுந்து நிற்கும், மீனவர்கள் வலையை உதறிக்கொண்டிருப்பார்கள், அந்த அரை மணி நேரத்துக்காகவே அங்கே தங்கலாம்.

கந்தக ஊற்றில் சேற்றுக் குளியலுக்குப் போகும்போது வெள்ளி நகைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். என் மனைவியின் வெள்ளி மெட்டி கறுத்துப்போய், ஊருக்கு வந்து புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் தேறியது. பழைய நீச்சலுடை போதும், கறை போகாது.

அதன் பெரிய ஜோடியான குரோ பித்தோன் மலையில் ஏற வழிகாட்டி கட்டாயம், விடிந்ததும் கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் முழங்கால் கெஞ்சும். அப்புறம் முக்கியமான ஒன்று, ராணுவச் சீருடை போலத் திட்டுத் திட்டான (கேமஃப்ளாஜ்) உடை அங்கே சட்டப்படி கூடாது, குழந்தைகளுக்கும்தான், பெட்டி கட்டும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு வாழைக்காயும் உப்புக்கருவாடும் சேர்த்துச் செய்வதைக் கேட்டு வாங்குங்கள். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.